தகரப் பெட்டியின் விலை

(கோல் மார்க்கெட்டில் நடந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றி அரை மணி நேரம் பேசுக என்று செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசத் தகுதி வாய்ந்த அறிஞர்கள் எனக்கு முன்பே இம்மேடையில் பேசி அமர்ந்துவிட்டார்கள். ஆதலால் அடியேன் அச்சேறாத இலக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தபால் கார்டிலும், இன்லண்டுத் தாளிலும், கணக்கு நோட்டிலிருந்து கிழித்த காகிதத்திலும் நம் பாட்டன்மார் எழுதிய இலக்கியம் அது. அதனை நான் கற்ற விதம்தான் சற்றே வெட்கத்திற்குரியது. விலை கொடுத்து வாங்கிப் படித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் எனக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. பேசியவர் இந்தியில் பேசினார். பழம்பொருள் வாங்கி விற்பவர். தம்மிடம் ஒரு தகரப் பெட்டி இருப்பதாகவும், அதனுள் மதராஸி எழுத்தில் கடிதங்களும் சில புகைப்படங்களும் இருப்பதாகவும், அவை எங்கள் குடும்பத்தினுடையவை என்று நம்புவதாகவும் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பெட்டிக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்ததாம். அதைக் கரோல் பாகில் ஒரு தமிழ்க் கடைக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொன்னாராம். கடைக்காரர் நம் சங்கத்து அன்பர். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் என் எண்ணைக் கொடுத்துவிட்டார். டில்லியில் தமிழனுக்குத் தமிழன் முகவரி தெரியாமல் இருக்குமா?

விலை என்ன என்றேன். இருபத்தையாயிரம் என்றார்.

எனக்குச் சினம் பொங்கியது. எங்கள் பாட்டனார் எழுதிய கடிதத்தை எங்களுக்கே விற்பதா? அயலூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்குச் செய்தி சொன்னேன். போலீசில் புகார் கொடு என்றான். கொடுத்திருக்கலாம்; ஆனால் என்னவென்று கொடுப்பது? பெரியப்பா காலமான பின் அவர் வீட்டை ஒழித்துக் கொடுக்க எங்களுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அன்று பழைய செய்தித்தாளோடு செய்தித்தாளாக, பாத்திரத்தோடு பாத்திரமாக, அந்தப் பெட்டியும் எடைக்குப் போயிற்று. திறந்து பார்க்கவில்லை, பூட்டு துருப்பிடித்திருந்தது. கபாடிக்காரன் வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தவனே அடியேன்தான். களவு போன பொருளானால் புகார் கொடுக்கலாம். நாமே தூக்கிக் கொடுத்ததற்கு யார் மேல் புகார்?

இவ்விடத்தில் இளைஞர்களுக்காகச் சிறிது பழங்கதை சொல்ல வேண்டும். 1911ஆம் ஆண்டு டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். புதுடில்லி முறைப்படி திறக்கப்பட்டது 1931இல். நாம் கூடியிருக்கும் இந்தக் கோல் மார்க்கெட் கட்டடம் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1921இல் எழுந்துவிட்டது. வட்டம் என்று பெயரே தவிர, எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பக்கம். இதனைச் சுற்றிக் குமாஸ்தாக்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். இங்கிலீஷும் கணக்கும் சுருக்கெழுத்தும் கற்ற தென்னாட்டு இளைஞர்கள் அவற்றில் வந்து குடியேறினார்கள். 1923இலேயே தம் குழந்தைகளுக்காக ஒரு கல்விச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக விளங்குவது அதுவே. கோடையில் சர்க்கார் சிம்லாவுக்கு ஏறும். குளிர் தொடங்கியதும் இறங்கும். குமாஸ்தாவும் குடும்பமும் ஏறி இறங்கினார்கள். ஊரோடு அவர்களை இணைத்த நூல் எது? தபால்தான். கோல் டாக்கானா வழியே வந்த ஒரு கார்டுக்காக வாசலில் காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

வந்த கடிதத்தை வீட்டில் என்ன செய்தோம்? நினைவிருக்கிறதா? அடியில் மரக்கட்டையும் நுனியில் வளைவும் உள்ள கம்பி ஒன்று சுவரில் தொங்கும். படித்த கடிதத்தை அதில் குத்துவார்கள். மூலையில் மஞ்சள் தடவியது சுபச் செய்தி. கருப்புத் தடவியது வந்தால் படித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே நம் குடும்பக் கடிதங்களில் பிறப்பும் கல்யாணமும் இருக்கும், விலைவாசி இருக்கும், ஜுரம் இருக்கும், இறப்பு இராது. ஒருவர் எழுதிக்கொண்டே வருவார், திடீரென்று அவரைப் பற்றிப் பேச்சே இராது. கம்பி நிறைந்ததும் கட்டாகக் கட்டிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி பரணுக்குப் போகும். பரண் உள்ள வீடு உள்ள வரையில் கவலை இல்லை. இந்த வட்டாரத்துப் பழைய குவார்ட்டர்ஸ் பலவும் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அடுக்குமாடியில் பரண் ஏது?

நிற்க. அந்த வியாபாரியின் கிடங்கு பழைய டில்லியில் ஒரு சந்தில் இருந்தது. போய்ப் பார்த்தேன். என் கோபம் அங்கே பாதி தணிந்தது. எங்கள் பெட்டி ஒன்று மட்டுமா? பஞ்சாபிக் குடும்பங்கள், வங்காளிக் குடும்பங்கள், காயஸ்தர் குடும்பங்கள். தலைப்பாகையோடு நிற்கும் தாத்தாக்கள், பட்டமளிப்பு அங்கி அணிந்த பிள்ளைகள், மணப்பெண்கள், தொட்டில் குழந்தைகள். எல்லாரும் பிளாஸ்டிக் பைகளில் விலைச்சீட்டோடு இருந்தார்கள். ஹோட்டல் சுவரை அலங்கரிப்பவர்களும் சினிமாவுக்கு வீட்டுக் காட்சி அமைப்பவர்களும் வந்து பொறுக்கிக்கொண்டு போவார்களாம். குடும்பத்தார் யாரேனும் வருவதுண்டா என்று கேட்டேன். தேடிப் பிடித்துச் சொன்னால் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கேலி அன்று, உண்மையாகவே வியப்பு.

அவர் பெட்டியைப் பிரித்து வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். தபால் தலைகளை எல்லாம் வெட்டித் தனியே எடுத்துவிட்டார். அவற்றுக்கு வேறு வாடிக்கை. ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் தனி. கடிதங்கள் அடியில் குப்பை போலக் கிடந்தன. படிக்க இயலாத எழுத்துக்கு அவரிடம் மதிப்பு இல்லை. தபால் கார்டில் தலை அச்சிட்டே இருக்கும் அல்லவா? அதையும் கத்தரித்திருந்தார். முகவரிப் பக்கத்தில் ராஜாவின் தலை போன இடத்தில், மறுபக்கத்தில் பாட்டனாரின் மூன்று வரிகள் போயிருந்தன. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று கடிதங்கள். அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவற்றில் இப்படி ஒரு சதுரத் துளை.

தமிழ்நாட்டில் மட்டும் நிலைமை வேறு என்று எண்ணிவிட வேண்டாம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் சென்றவர்கள் அறிவார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பங்காளிகள் பலருக்கும் பொதுவாகி, பழுது பார்க்க ஆளின்றி இடிக்கப்படும்போது, தேக்குத் தூணும் கதவும் பீங்கானும் எனாமல் தூக்குகளும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. அவற்றோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆச்சிமாரும் ஐயாமாரும் வருகிறார்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ கொண்டுவிற்று வந்தவர், கோட்டும் ஜரிகை வேட்டியுமாக நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவர் இன்னார் என்று சொல்ல அந்தத் தெருவில் யாரும் இல்லை. சட்டத்துக்குத்தான் விலை என்று சில வேளைகளில் தோன்றும்.

ஆனால் அதே செட்டிநாட்டில்தான் இதற்கு நேர்மாறான மனிதர் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பிறர் எடைக்குப் போட்டவற்றை அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். பழைய நூல்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள் மட்டுமல்ல. கல்யாணப் பத்திரிகைகளையும் கடிதங்களையும்கூட விடவில்லை. 1992இல் அவர் மறைந்தார். குடும்பத்தாரிடமிருந்து அச்சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து நூலகமாக்கினார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று இன்று தரமணியில் இருப்பது அது. காகிதத்துக்கு விலை வைப்பதே பாவம் என்று பேசுகிறவர்களுக்கு இதனை நினைவூட்டுவேன். விலை கொடுக்கப்பட்டதால் அன்றோ அவை பிழைத்தன?

ஸ்டூடியோப் படங்களின் கதை இன்னும் பரிதாபம். பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெள்ளியை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வேறு வேலைக்கு விற்ற கடைகள் உண்டு. எஞ்சியவற்றையேனும் காக்க, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று படங்களைக் கணினிப் படிவமாக்கியிருக்கிறார்கள். நல்ல பணி. ஆயினும் ஊர் தெரியும், ஸ்டூடியோ தெரியும்; படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்த நூலகம் சொல்லும்? வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

குடும்பக் கடிதம் விலைக்கு வந்தபோது ஒரு நாடே வாங்கியதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் நெருங்கிய நண்பர் ஹெர்மான் காலென்பாக் என்ற சிற்பி, கட்டடச் சிற்பி. 1910இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காகத் தமது 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர். டால்ஸ்டாய் பண்ணை அதுதான். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர் பலர். அவர்கள் பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தாம் அறிந்த சிறிதளவு தமிழைக் கற்பித்தார். காலென்பாக் 1945இல் காலமானார். அவர் காத்து வைத்த கடிதங்கள் உறவினரிடம் தங்கின. காந்தியடிகளின் புதல்வர்கள் எழுதியவையும் அவற்றில் உண்டு. 2012 ஜூலையில் லண்டன் சோத்பீஸ் ஏலக்கடையில் ஏலத்துக்கு வருவதாக இருந்தது. ஏல நாளுக்கு முன்பே இந்திய சர்க்கார் பேசி முடித்து வாங்கிவிட்டது. விலை ஏறக்குறைய ஏழு லட்சம் பவுன் என்று பத்திரிகைகள் எழுதின. இப்போது அவை எங்கே இருக்கின்றன? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஜன்பத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில். புதல்வர்கள் எழுதிய வீட்டுக் கடிதத்தைத் திரும்பப் பெற ஏழு லட்சம் பவுன் கொடுத்த நாட்டில், எங்கள் வியாபாரி இருபத்தையாயிரம் ரூபாய் கேட்டது அக்கிரமமா?

அக்கிரமம் என்றே அப்போது நினைத்தேன். பேரம் பேசினேன். தமிழ்க் கடிதத்தை எங்களைத் தவிர வேறு யாரும் வாங்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழுந்து போவதுபோல் பாவனை செய்தேன். அந்தச் சமயத்தில் அவர் படக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தார். இரண்டு சிறுமிகள். பெரியவள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சின்னவள் அதே நாற்காலியில் கால் எட்டாமல் அமர்ந்திருக்கிறாள். கையால் வர்ணம் தீட்டிய படம். இதற்கு மட்டும் தனியே நான்காயிரம், ஒரு ஹோட்டல்காரர் கேட்டிருக்கிறார், என்றார். எனக்கு யார் என்று தெரியவில்லை. சின்னவளின் நெற்றியும் மூக்கும் மட்டும் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தன. என் தொலைபேசியில் அதைப் பிடித்து, மயிலாப்பூரில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். அத்தைக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். பேத்தி ஒருத்தி படத்தைக் காட்டியிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அத்தையே பேசினார்.

“எங்கேடா கிடைச்சுது? அது எங்க அக்காடா. பக்கத்துல நான்.”

எங்கள் தந்தையாருக்கு மூத்த சகோதரி ஒருவர் இருந்ததும், ஏழு வயதில் இந்தக் கோல் மார்க்கெட் வீட்டில் டைபாய்டு ஜுரத்தில் போனதும் எங்களுக்குச் செவிவழிச் செய்தி. அவருக்குப் படம் உண்டு என்பதே எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. பாட்டி பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று பாட்டனார் அதைக் கடிதக்கட்டின் அடியில் மறைத்து வைத்துவிட்டாராம். அத்தை சொன்னார். “அந்தப் பாவாடை அம்மாவோட பழைய அரக்குப் புடவையிலே தெச்சது. இதிலே பச்சையாப் போட்டிருக்கான் பாரு, படுபாவி” என்று வர்ணம் தீட்டியவனை எண்பது ஆண்டு கழித்து வைதார்.

நான் பேசும்போது வியாபாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பேரம் எப்படி நடக்கும்? ஆனாலும் அவர் நல்ல மனிதர். எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் என்று முடித்துக்கொண்டார். பெரியப்பா மக்களும் நாங்களும் பங்கிட்டுக் கொடுத்தோம். எடைக்குப் போட்டபோது அந்தப் பெட்டிக்கு எங்களுக்குக் கிடைத்தது நூறு ரூபாய்க்கும் குறைவு.

கடிதங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் மெய்யான தொல்லை தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அரிசி விலை, வாடகை, சிம்லாக் குளிரில் ஊறுகாய் ஜாடி வெடித்தது, ஜி. டி. எக்ஸ்பிரஸில் வரும் உறவினரிடம் அப்பளமும் வடாமும் கொடுத்தனுப்பச் சொன்னது. இவற்றையெல்லாம் படித்து மகிழ்ந்தோம். அப்புறம் ஒரு கட்டு. பாட்டனாரின் தம்பி ஊரில் நோயுற்றிருந்தபோது பணம் கேட்டு எழுதியவை ஐந்து. இல்லை என்று பாட்டனார் எழுதிய பதிலின் நகல் ஒன்று. பதில் கடுமையானது. அந்தத் தம்பியின் பேரனும் பெட்டியை மீட்கப் பங்கு கொடுத்தவன்! இதனைக் கொளுத்திவிடலாம் என்றான் ஒருவன். அவனிடம் காட்டாமல் வைப்போம் என்றான் மற்றொருவன். சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டேன். கடிதத் தாள் அதனைப் பெற்றவருக்குச் சொந்தம், அவருக்குப் பின் அது யார் கையில் முறையாக வந்ததோ அவருக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகத்தை அச்சிட்டு வெளியிடும் உரிமையோ 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது என்றார். வியாபாரி தாளை விற்கலாமே ஒழிய வாசகத்தை விற்க முடியாது. அப்படிப் பார்த்தால் பணம் கேட்டு எழுதிய ஐந்து கடிதங்களின் வாசகத்துக்கு உரியவன் அந்தப் பேரன். நாங்கள் யார் கொளுத்த?

கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நகலுக்குப் பின்புறம் பாட்டனார் பென்சிலில் போட்டிருந்த ஒரு கணக்கை மட்டும் எனக்குச் சுட்டிக் காட்டினான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. டாக்டர் பீஸ், மருந்து, ஐஸ். தேதியை ஒத்துப் பார்த்தோம். பெரிய அத்தை ஜுரத்தில் கிடந்த அதே மாதம்.

இளைஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய செய்முறை ஒன்றிரண்டு உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிழிந்த கடிதத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; பசை மஞ்சளித்துக் காகிதத்தைத் தின்னும். லாமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல், மெல்லிய பென்சிலால் ஓரத்தில் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்றுச் சிறப்புள்ள கையெழுத்து ஆவணமானால் அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. ஆனால் நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக் கடிதத்தை எந்தச் சட்டமும் காவல் காக்காது.

இனி ஒரு விண்ணப்பத்தோடு அமர்கிறேன். பெட்டியில் வந்த பதினேழு படங்களில் பதினான்கில் இருப்பவர்களை அத்தை அடையாளம் சொல்லிவிட்டார். மூன்று எஞ்சியிருக்கின்றன. இவர்கள் நம் மனிதர் அல்லர், அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களாய் இருக்கலாம் என்கிறார் அத்தை. ஒன்றில் டர்பன் கட்டிய ஒரு குமாஸ்தாவும் மனைவியும் கைக்குழந்தையும். மற்றொன்றில் ரீடிங் ரோடு என்று இருந்து மந்திர் மார்க் ஆகிவிட்ட தெருவில், கொலு வைத்த ஒரு கூடத்தின் முன் ஒன்பது பெண்மணிகள். மூன்றாவதில் இதே கோல் மார்க்கெட் வளைவின் கீழே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர். மூன்றையும் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஒரு முறை பாருங்கள். கண்ணாடி கொண்டுவராத பெரியவர்களுக்காகப் பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறது. யாரேனும் உங்கள் வீட்டாராக இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். விலை ஏதும் இல்லை.